மோடத்தில் சிவப்பு எரிகிறதா? ஊசியை எடுக்காதீர்கள்!

டோம்பிவிலி கிழக்கில் ஒரு மூன்றாவது மாடி வீடு. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மாலை ஏழரை மணி. பீரோவை நகர்த்தி, ஒட்டடை அடித்து, தரையைக் கழுவித் துடைத்து, பீரோவை மறுபடி சுவரோடு ஒட்டித் தள்ளி வைத்தாகிவிட்டது. துறைமுகத்தில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற திருநெல்வேலிக்காரர், கைகால் அலம்பிவிட்டு அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தார்.

"அப்பா, நெட் போயிட்டு!" என்று உள்ளேயிருந்து மகளின் குரல் கேட்டது.

சுவரில் மாட்டியிருந்த வெள்ளைப் பெட்டியில் எப்போதும் பச்சையாக எரியும் விளக்குகளில் இரண்டு அணைந்திருந்தன. அவற்றின் பக்கத்தில் புதிதாக ஒரு சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. மறுநாள் காலை பதினொரு மணிக்கு அந்தப் பெண்ணுக்குச் சென்னைக் கம்பெனி ஒன்றின் நேர்முகத் தேர்வு. வீடியோவில்தான் பேசுவார்கள். பி.காம். முடித்து ஒன்றரை வருஷம் கழித்து வந்த முதல் அழைப்பு அது.

பெட்டியை அணைத்துப் போட்டார்கள். இரண்டு தட்டுத் தட்டினார்கள். புகார் எண்ணுக்குப் போன் செய்தால், வரிசையில் காத்திருக்கும்படி இந்தியில் ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. கடைசியில் எதிர்வீட்டுப் பையன் ஒரு யோசனை சொன்னான். பெட்டிக்குப் பின்னால் ஒரு சின்னத் துளை இருக்கும், அதில் ஊசியால் குத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்றான். அம்மா தாலிச் சரட்டிலிருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தார். துளையில் பத்து எண்ணும்வரை அழுத்தினார்கள். எல்லா விளக்கும் அணைந்து திரும்பி வந்தன. சிவப்பும் திரும்பி வந்தது.

ஆயுத பூஜையன்று புத்தகம், தையல் மெஷின், அரிவாள்மணை இவற்றோடு மோடத்துக்கும் ஒரு சந்தனப் பொட்டு வைத்தார்கள். சிவப்பு அணையவில்லை. வீட்டுக்குள் செல்போன் சிக்னல் ஒரு கோடுதான் காட்டும். ஆகவே பதினொரு மணிக்கு அந்தப் பெண் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டி நிழலில் நின்றுகொண்டு செல்போனிலேயே தேர்வுக்குப் பதில் சொன்னாள். மூன்று முறை படம் உறைந்து நின்றது. நான்காவது முறை அவர்கள் கூப்பிடவில்லை.

மறுநாள் தசரா விடுமுறை. அதற்கடுத்த நாள்தான் ரிப்பேர் பார்க்கும் ஆள் வந்தார். அவர் கண்டுபிடித்தது என்ன என்பதைப் பிறகு பார்ப்போம். அதற்கு முன், அந்தச் சிவப்பு விளக்கு என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. அதைத் தெரிந்துகொண்டால் நம்மவர் வீடுகளில் பாதித் தொல்லை குறையும்.

பெட்டிக்குள் வருவது வெளிச்சம்

டிரங்க் கால் போட்டுவிட்டுத் தபாலாபீசில் மணிக்கணக்கில் காத்திருந்த தலைமுறை ஒன்று உண்டு. பிறகு எஸ்.டி.டி. பூத் வந்தது. 1995 ஆகஸ்டு 15-ல் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டது. அப்போது டெலிபோன் கம்பி வழியாக டயல் செய்துதான் உள்ளே போக வேண்டும். 2004-ல் மத்திய அரசு பிராட்பேண்டு கொள்கையை வெளியிட்டபோது, விநாடிக்கு 256 கிலோபிட் வேகம் இருந்தாலே அதற்குப் பிராட்பேண்டு என்று பெயர். 2023-ல் அந்த அளவை 2 மெகாபிட்டாக உயர்த்தினார்கள்.

இன்று நகரத்து வீடுகளில் பெரும்பாலும் வருவது கண்ணாடி இழைக் கம்பி. இதில் மின்சாரம் ஓடுவதில்லை, வெளிச்சம்தான் ஓடுகிறது. பஞ்சாபில் மோகா ஊரில் 1926-ல் பிறந்த நரீந்தர் சிங் கபானி, லண்டனில் ஆராய்ச்சி செய்தபோது கண்ணாடி இழைக் கட்டு வழியாக ஒளியை வளைத்துக் கொண்டுபோக முடியும் என்று காட்டினார். அவரும் அவர் ஆசிரியர் ஹாப்கின்சும் எழுதிய கட்டுரை 1954-ல் வெளியாயிற்று. கண்ணாடியைப் போதுமான அளவு சுத்தமாக்கினால் இந்த முறையில் வெகுதூரம் செய்தி அனுப்பலாம் என்று 1966-ல் சொன்னவர் சார்லஸ் காவ். அவருக்கு 2009-ல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்த இழையின் கனம் ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. அதற்குள்ளும் வெளிச்சம் ஓடும் நடுப்பகுதி, ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. வெளிச்சம் இழையின் சுவரில் பட்டுப் பட்டுத் திரும்பி உள்ளேயே ஓடுகிறது. கம்பியை மடக்கினால் அந்த இடத்தில் வெளிச்சம் சுவரைத் தாண்டி வெளியே கசிந்துவிடும். வாசகர்கள் இந்த ஒரு விஷயத்தை மறக்காமல் இருந்தால் போதும்.

எக்சேஞ்சிலிருந்து வரும் ஒரே இழை, வழியில் ஸ்பிளிட்டர் என்ற சிறு பெட்டியில் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிகிறது. இந்தப் பெட்டிக்கு மின்சாரம் தேவையில்லை. ஒரு குழாய்த் தண்ணீரைப் பல வீட்டுக்குப் பிரித்துக் கொடுப்பதுபோல் வெளிச்சத்தைப் பங்கிட்டுக் கொடுக்கிறது. ஆகவே வீட்டுக்கு வந்து சேர்வது கொஞ்சம் வெளிச்சம்தான். அதிலும் கசிந்தால் பெட்டிக்கு ஒன்றும் தெரியாது.

விளக்குகளைப் படிக்கும் முறை

ஸ்டேஷன் மாஸ்டர் சிக்னல் விளக்கைப் பார்த்தே வண்டி எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடுவார். மோடத்திலும் அப்படித்தான். கம்பெனிக்குக் கம்பெனி எழுத்து கொஞ்சம் மாறலாம். ஆனாலும் வரிசை பொதுவாக ஒன்றே.

பவர்: இது எரியாவிட்டால் மின்சாரக் கோளாறு. பிளக், சுவிட்சு, அடாப்டர் மூன்றையும் பார்க்க வேண்டும். வீட்டில் வேறு அடாப்டர் கிடக்கிறதே என்று மாட்டிவிடக் கூடாது. இரண்டிலும் எழுதியிருக்கும் வோல்ட் அளவு ஒன்றாக இருந்தால்தான் மாட்டலாம்.

லாஸ்: இது சிவப்பாக எரிந்தாலோ சிமிட்டினாலோ, வெளியிலிருந்து வெளிச்சம் வந்து சேரவில்லை என்று பொருள். பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது. அதற்குத் தீனிதான் வரவில்லை. இந்த நிலையில் பாஸ்வேர்டை மாற்றுவதும், வைஃபையை அணைத்துப் போடுவதும், ஊசியால் குத்துவதும் வீண் வேலை.

பான்: பச்சையாக நிலைத்து எரிந்தால் எக்சேஞ்சோடு பேச்சுவார்த்தை முடிந்துவிட்டது. விடாமல் சிமிட்டிக்கொண்டே இருந்தால், வெளிச்சம் வருகிறது, ஆனால் பலம் போதவில்லை; அல்லது புதிதாக மாற்றிய பெட்டியைக் கம்பெனிக்காரர் இன்னும் பதிவு செய்யவில்லை.

இன்டர்நெட்: பான் பச்சையாக இருந்து இது மட்டும் எரியவில்லை என்றால், கம்பியில் குற்றமில்லை. பில் பாக்கியா, பெயரும் பாஸ்வேர்டும் அழிந்ததா, கம்பெனிப் பக்கமே கோளாறா என்று பார்க்க வேண்டும்.

எல்லாம் பச்சையாக இருந்தும் செல்போனில் வரவில்லையா? அப்போது கோளாறு வைஃபையில். லேன் கம்பியை நேராகக் கம்ப்யூட்டரில் சொருகிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சிவப்பு எரிந்தால் செய்ய வேண்டியவை

முதல் வேலை, அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவது. அவர்களும் அதே கம்பெனி இணைப்பு வைத்திருந்து, அங்கேயும் சிவப்பு என்றால், கோளாறு தெருவிலோ மாடியிலோ இருக்கிறது. மெட்ரோவுக்கும் சாக்கடைக்கும் ரோட்டைத் தோண்டும்போது கம்பி அறுபடுவது மும்பையில் சாதாரணம். மழைக்காலத்துக்கு முன் மொட்டை மாடியில் தார் பூசுகிறவர்கள் கம்பியை இழுத்துப் போட்டுவிடுவார்கள். எலியும் கடிக்கும். அப்படியானால் வீட்டில் எதையும் தொட வேண்டாம். புகார் கொடுத்துவிட்டுப் பொறுத்திருக்க வேண்டியதுதான்.

அடுத்த வீட்டில் பச்சை, நம் வீட்டில் மட்டும் சிவப்பா? இரண்டாவது வேலை, கம்பி நுழையும் இடத்திலிருந்து பெட்டி வரைக்கும் கண்ணால் ஒரு நடை போய் வருவது. ஜன்னல் கதவில் நசுங்கியிருக்கிறதா, கட்டில் கால் ஏறியிருக்கிறதா, ஆணியில் கட்டி முறுக்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மிச்சக் கம்பியைச் சுருட்டி வைப்பதானால், வளையம் ஒரு டம்ளர் வாயளவுக்குக் குறையக் கூடாது. ரப்பர் பாண்டு போட்டு இறுக்குவது ஆகாது.

மூன்றாவது, பெட்டியின் அடியில் கம்பி சொருகும் முனை. அது பாதி கழன்றிருந்தாலும் சிவப்பு எரியும். பெட்டியை அணைத்துவிட்டு, முனையின் பிளாஸ்டிக் பகுதியைப் பிடித்து 'கிளிக்' என்று சத்தம் வரும்வரை நேராக அழுத்த வேண்டும். கம்பியைப் பிடித்து இழுக்கக் கூடாது. முனையின் நுனியைக் கைவிரலால் தொடக் கூடாது. விரலில் உள்ள எண்ணெய்ப் பசையும் ஒரு தூசியும் போதும், வெளிச்சத்தை மறைக்க. வாயால் ஊதினால் எச்சில் படிந்து இன்னும் கெடும்.

நான்காவது, ஒரு நிமிஷம் அணைத்து வைத்துவிட்டுப் போட வேண்டும். ஐந்து நிமிஷம் காத்திருந்து பார்க்கலாம். அதற்கும் சிவப்பு போகவில்லையென்றால் வீட்டுக்காரர் வேலை முடிந்தது.

செய்யக் கூடாதவை

கழற்றிய கம்பியின் முனையைக் கண்ணுக்கு நேரே வைத்து, வெளிச்சம் வருகிறதா என்று பார்ப்பவர்கள் உண்டு. இது கூடவே கூடாது. இதில் வரும் வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாத இனம். தெரியாது என்பதால் கெடுதல் செய்யாது என்று நினைக்க வேண்டாம். குழந்தைகள் கையிலும் கொடுக்கக் கூடாது.

முனைகளில் பச்சை நிறம் ஒன்று, நீல நிறம் ஒன்று. பச்சையின் நுனி சாய்வாகவும் நீலத்தின் நுனி அப்படியில்லாமலும் தீட்டப்பட்டிருக்கும். ஒன்றில் மற்றொன்றைச் சொருகினால் உள்ளே போய்விடும், ஆனால் வெளிச்சம் சரியாகச் சேராது. அடுத்த வீட்டில் கம்பி இரவல் வாங்குகிறவர்கள் நிறத்தைப் பார்த்து வாங்க வேண்டும்.

அறுந்த கம்பியை டேப் சுற்றி ஒட்ட முடியாது. கண்ணாடி இழையை மின்பொறியில் உருக்கி ஒட்டுவதற்குத் தனி மெஷின் இருக்கிறது. மாடியில் தொங்கும் கம்பியோடு தாங்குவதற்காக இரும்புக் கம்பி சேர்ந்திருக்கும். பக்கத்தில் மின்சார ஒயர் போகிறதென்றால், மழை நேரத்தில் அதைத் தொடுவது ஆபத்து.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த ஊசித் துளை. அதைக் குத்தினால் பெட்டி தொழிற்சாலையிலிருந்து வந்த நாளுக்குப் போய்விடும். பல இணைப்புகளில் கம்பெனிக்காரர் உள்ளே எழுதி வைத்த பெயர், பாஸ்வேர்டு எல்லாம் துடைத்துப் போய்விடும். கம்பி சரியான பிறகும் இன்டர்நெட் வராது. ஒரு கோளாறு இரண்டாகும்.

பழைய கம்பி இணைப்பு உள்ளவர்கள்

டெலிபோன் கம்பி வழியாகவே பிராட்பேண்டு வைத்திருப்பவர்களுக்கு லாஸ் விளக்கு கிடையாது. டி.எஸ்.எல். என்ற விளக்கு நிலைத்து எரிய வேண்டும். அது சிமிட்டிக்கொண்டே இருந்தால் முதலில் டெலிபோனை எடுத்துக் காதில் வைத்துப் பார்க்க வேண்டும். கரகரவென்று சத்தம் கேட்டால் கம்பி இணைப்பில் எங்கோ துரு ஏறியிருக்கிறது. மழைக்காலத்தில் இது அதிகம். சத்தம் சுத்தமாக இருந்தால், பேச்சையும் டேட்டாவையும் பிரிக்கும் சிறு பெட்டியைக் கழற்றிவிட்டு, சுவரிலிருந்து வரும் கம்பியை நேராக மோடத்தில் சொருகிப் பார்க்கலாம். விளக்கு நின்று எரிந்தால் அந்தச் சிறு பெட்டியை மாற்றினால் போதும். டி.வி. கேபிள் வழியாக இணைப்பு உள்ளவர்கள், திருகும் முனை தளர்ந்திருக்கிறதா என்றும், நடுவில் யாராவது இன்னொரு டி.வி.க்குக் கிளை இழுத்திருக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும்.

போனில் என்ன சொல்வது?

நம்மவர்களில் பலர் 'நெட் நஹி சல் ரஹா' என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறார்கள். எதிர்முனையில் இருப்பவர் அணைத்துப் போடச் சொல்லிவிட்டுப் புகாரை முடித்துவிடுவார். விளக்கின் பெயரைச் சொன்னால் பேச்சே மாறும்.

'லாஸ் கீ பத்தி லால் ஹை' என்றால் லாஸ் விளக்கு சிவப்பு என்று பொருள். 'படோசீ கா சல் ரஹா ஹை' என்றால் அடுத்த வீட்டில் வருகிறது. 'பவர் மீட்டர் லேகர் ஆயியே' என்றால் வெளிச்சத்தை அளக்கும் கருவியோடு வாருங்கள். கடைசியாக, 'கம்ப்ளெய்ன்ட் நம்பர் தீஜியே' என்று கேட்டு எண்ணை எழுதிக்கொள்ள வேண்டும். எண் இல்லாத புகார், ரசீது இல்லாத மணியார்டர் மாதிரி.

வருகிற ஆள் அளந்து சொல்லும் கணக்கையும் தெரிந்துகொள்ளலாம். அது மைனஸ் எண்ணாக இருக்கும். பொதுவாக மைனஸ் 8-க்கும் மைனஸ் 27-க்கும் இடையில் இருக்க வேண்டும். மைனஸ் 20-ஐ ஒட்டியிருந்தால் நல்லது. மூன்று எண் இறங்கினால் வெளிச்சம் பாதியாகிவிட்டது என்று கணக்கு. மைனஸ் 26, 27 என்று சொல்லிவிட்டு, 'சலேகா' என்று கிளம்பப் பார்த்தால் விடக் கூடாது. அடுத்த மழைக்கு அது மறுபடி சிவப்பாகும்.

புகார் நாள்கணக்கில் கிடந்தால், டிராய் 2012-ல் வகுத்த புகார் விதிகளின்படி ஒவ்வொரு கம்பெனியிலும் மேல்முறையீட்டு அமைப்பு ஒன்று உண்டு. அதற்குப் போகப் புகார் எண் வேண்டும். இணைப்பு இல்லாத நாட்களுக்கு வாடகையில் கழிவு கேட்பதற்கும் அந்த எண்தான் சாட்சி. கேட்காதவருக்கு யாரும் தேடி வந்து கொடுப்பதில்லை.

பீரோவுக்குப் பின்னால் மின்மினி

டோம்பிவிலி வீட்டுக்கு வருவோம். ரிப்பேர் பார்க்க வந்த இளைஞர் தமிழர். மும்பையிலேயே பிறந்து வளர்ந்தவர். பெட்டியிலிருந்து கம்பியைக் கழற்றி மீட்டரில் சொருகினார். மீட்டர் ஒன்றும் காட்டவில்லை. பையிலிருந்து பேனா மாதிரி ஒரு கருவியை எடுத்துக் கம்பியின் முனையில் பொருத்தினார். அது சிவப்பு ஒளி பாய்ச்சும் கருவி. பிறகு அறை விளக்கை அணைக்கச் சொன்னார்.

இருட்டில், பீரோவுக்குப் பின்னால், மின்மினி உட்கார்ந்த மாதிரி ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது.

"அண்ணாச்சி, பீரோவை யார் நகர்த்துனா?" என்று கேட்டார் இளைஞர்.

பெரியவர் பதில் சொல்லவில்லை. இருவரும் சேர்ந்து பீரோவை ஒரு சாண் முன்னால் இழுத்தார்கள். சுவருக்கும் பீரோவுக்கும் நடுவில் கம்பி மடிந்து நசுங்கியிருந்தது. அறுபடவில்லை. மடிப்பு பிரிந்ததும் மீட்டரில் மைனஸ் 21 வந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று அந்தத் துண்டுக் கம்பியையும் மாற்றினார். சிவப்பு அணைந்தது, பான் பச்சையானது. மொத்தம் பத்து நிமிஷ வேலை.

ஆனால் இன்டர்நெட் விளக்கு எரியவில்லை. ஊக்கு செய்த வேலை அது. பெயரும் பாஸ்வேர்டும் அழிந்திருந்தன. கம்பெனி ஆபீசில் அதற்குப் பொறுப்பானவர் அன்று கிளம்பிவிட்டார். மறுநாள் மாலைதான் எல்லாம் சரியாயிற்று. ஒரு சாண் பீரோவுக்கு நான்கு நாள் போயிற்று. போன வேலையைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை.

"நான்தான்மா நகர்த்தினேன்" என்று அன்றிரவு சாப்பிடும்போது பெரியவர் சொன்னார்.

"விடுங்கப்பா, எனக்கும் தெரியலையே" என்றாள் மகள்.

இப்போது அந்த வீட்டில் பீரோ சுவரை விட்டு ஒரு சாண் தள்ளியே நிற்கிறது. மோடத்துக்குப் பக்கத்தில் பழைய காலண்டர் அட்டை ஒன்றை ஒட்டியிருக்கிறார்கள். அதில் குமாஸ்தாவின் முத்து முத்தான கையெழுத்தில் வாடிக்கையாளர் எண், புகார் போன் எண், பெயர், பாஸ்வேர்டு, விளக்குகள் சரியாக இருக்கும்போது எந்தெந்த நிறம் என்ற விவரம் எல்லாம் இருக்கின்றன. கடைசி வரியில் 'துளையைக் குத்தாதே' என்று சிவப்பு மையில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறார்.

ஒவ்வொரு வீட்டிலும் இப்படி ஓர் அட்டை எழுதி வைப்பது நல்லது. விளக்கெல்லாம் பச்சையாக எரிகிற இன்றைக்கே எழுதி வைக்க வேண்டும். சிவப்பு வந்த பிறகு பாஸ்வேர்டைத் தேடினால் அகப்படாது.